டாரன்டுலா சிலந்தி குட்டிக்கான ஃபீடிங் கிட், நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு ஒரு ரிவ்யூ: பூதக்கண்ணாடிக்கு மட்டும் ஃபுல் மார்க்

5க்கு 2.5 ஸ்டார். அந்த 2.5ல ஒன்றரை ஸ்டார் பூதக்கண்ணாடிக்கே போயிடுது, மிச்சம் ஒன்னை பிரஷ்ஷும் டிராப்பரும் பழ ஈ டப்பாவும் பங்கு போட்டுக்கலாம். ட்வீசர், காஞ்ச புழு பாக்கெட், கால்சியம் பவுடர், ஜெல் உருண்டை எல்லாம் சேர்த்து ஜீரோ. கூட வந்த விளக்கத் தாளுக்கு மைனஸ்ல போட வழி இருந்தா போட்டிருப்பேன்.

முதல்ல யாருக்காக வாங்கினேன்னு சொல்லிடுறேன். என்கிட்ட இருக்கிறது கர்லி ஹேர்னு சொல்ற டாரன்டுலா, அறிவியல் பேரு டிலில்டோகாட்ல் ஆல்போபைலோசஸ், பழைய ஆளுங்க பிராக்கிபெல்மான்னு சொல்லுவாங்க, பேரு மாத்தி கொஞ்ச வருஷம்தான் ஆச்சு. வீட்டுக்கு வந்தப்போ ஒரு முன்னங்கால் நுனியில இருந்து குறுக்கா எதிர்ப்பக்க பின்னங்கால் நுனி வரைக்கும் அளந்தா 1 செ.மீ கூட இல்ல. இந்த சைஸ்ல இருக்கிறதை எல்லாரும் ஸ்லிங்னுதான் சொல்றாங்க. ஆணா பெண்ணான்னு இப்போ தெரியாது, இன்னும் நல்லா வளர்ந்து அது உரிக்கிற சட்டையை பார்த்துதான் ஓரளவு சொல்ல முடியும், அதனால ரெண்டுக்கும் பொதுவா பொடிசுன்னு பேர் வச்சாச்சு.

கிட்டுக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னா, ஒரு நீளமான ஸ்டீல் ட்வீசர், மூடி போட்ட ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் பாக்ஸ், ஒரு டிராப்பர், சன்னமான பெயின்ட் பிரஷ் ஒன்னு, காஞ்ச மீல்வார்ம் பாக்கெட், கால்சியம் பவுடர், தண்ணிக்கு பதிலா வைக்கிற ஜெல் உருண்டை, பறக்காத பழ ஈ வளர்க்கிற டப்பா, சின்ன பூதக்கண்ணாடி, அப்புறம் ரெண்டு பக்கம் பிரிண்ட் பண்ண விளக்கத் தாள். விற்கிறவங்க பேரை இங்க போடல, ஏன்னா இதே மாதிரி செட்டை வேற வேற பேர்ல நிறைய பேர் விற்கிறாங்க, உள்ள இருக்கிற சாமான் கிட்டத்தட்ட ஒன்னுதான்.

காஞ்ச புழுவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பாக்கெட்டை பார்த்ததுமே இதை தயார் பண்ணவங்க ஒரு டாரன்டுலா சாப்பிடுறதை கண்ணால பார்த்ததே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. சிலந்தி நம்மள மாதிரி கடிச்சு மென்னு முழுங்குற பிராணி இல்லைங்க. இரையை பல்லால குத்தி பிடிச்சுக்கிட்டு, வாயில இருந்து செரிமான திரவத்தை அது மேல விட்டு, நசுக்கி நசுக்கி கூழாக்கி, அந்த கூழைத்தான் உறிஞ்சுது, வாயை சுத்தி இருக்கிற முடி வடிகட்டி மாதிரி கெட்டியான சமாச்சாரத்தை உள்ள விடாது. கடைசியில சக்கையா ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். அப்போ ஈரமே இல்லாம காஞ்சு கருவாடா கிடக்கிற புழுவுல அது எதை உறிஞ்சும்? நானும் வீணாக வேண்டாமேன்னு ஒன்னை எடுத்து வச்சு பார்த்தேன். பொடிசு ஒரு காலால தொட்டுச்சு, திரும்பி போயிடுச்சு. மறுநாள் அது அங்கேயே இருந்துச்சு, அடுத்த நாள் மேல வெள்ளையா பூஞ்சை.

கால்சியம் பவுடர் பல்லி, ஓணான் வளர்க்கிறவங்க பூச்சி மேல தூவி குடுக்கிற சாமான், அதுங்களுக்கு எலும்பு இருக்கு. சிலந்திக்கு எலும்பே இல்ல, அதோட ஓடு கைட்டினும் புரோட்டீனும். தூக்கி ஓரமா வச்சாச்சு.

இப்போ ட்வீசர். நல்ல நீளம், கையில பிடிக்க வாட்டமா இருக்கு, துருவும் பிடிக்கல, அதெல்லாம் ஓகே. பிரச்சனை நுனி. ஊசி மாதிரி கூரா, கெட்டி ஸ்டீல். தாள்ல என்ன போட்டிருக்காங்கன்னா, ட்வீசர்ல இரையை பிடிச்சு சிலந்தியோட வாய் கிட்ட கொண்டுபோய் ஆட்டுங்க, அதுவே வாங்கிக்கும்னு. நான் முதல் வாரம் அப்படியே பண்ணேன். பொடிசு வாங்கிக்கல, பாஞ்சுது. பாஞ்சது இரை மேல இல்ல, ட்வீசர் நுனி மேல, எனக்கு கையில டிக்னு ஒரு அதிர்வு கேட்டுச்சு பாருங்க, உயிரே போயிடுச்சு. டாரன்டுலாவுக்கு கண்ணு எட்டு இருந்தாலும் பார்வை ரொம்ப மட்டம், அதிர்வை வச்சும் தொடுறதை வச்சும்தான் அதோட வேட்டை எல்லாம், அதனால ஆடுறது இரையா இரும்பான்னு அது பார்த்து முடிவு பண்ணப்போறதில்ல. இரும்புல மோதி பல் உடைஞ்சா அடுத்த தடவை சட்டை உரிக்கிற வரைக்கும் புதுசு வராது, அது வரைக்கும் பூச்சியை நசுக்கி கூழா வச்சு பிழைக்க வைக்க முடியுமான்னு பார்க்கணும். எனக்கு நல்ல நேரம், பூதக்கண்ணாடி வச்சு ரெண்டு நாள் உத்து உத்து பார்த்ததுல ரெண்டு பல்லும் முழுசா இருந்துச்சு.

அதோட விடல. ரெண்டாவது வாரம் அதே ட்வீசரை உள்ள விட்டேன், இந்த தடவை இரையை கீழ வச்சுட்டு வெளிய எடுக்கலாம்னு. பொடிசு அந்த ட்வீசரையே ஏணியாக்கி ஒரே ஓட்டத்துல என் விரல் வரைக்கும் வந்துடுச்சு. ஸ்லிங் எவ்வளவு வேகமா ஓடும்னு வீடியோவுல பார்த்தா புரியாது. அந்த நேரத்துல கை தானா உதறும், அதுதான் ஆபத்து, ஏன்னா அதுங்களோட வயிறு தண்ணி ரொப்பின பலூன் மாதிரி, உயரத்துல இருந்து விழுந்தா கிழிஞ்சு அங்கேயே முடிஞ்சிடும். நான் உதறாம இருந்ததுக்கு காரணம் தைரியம் எல்லாம் இல்ல, உறைஞ்சு போயிட்டேன், அவ்வளவுதான். நல்ல வேளையா அன்னைக்கு பாக்ஸை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள்ள வச்சுதான் திறந்திருந்தேன், கையை மெதுவா டப்புக்குள்ள இறக்கி, பிரஷ் நுனியால பின்னாடி லேசா தொட்டு ஒரு கப்புக்குள்ள போக விட்டேன். அன்னையில இருந்து டப் இல்லாம மூடியை திறக்கிறதே இல்ல, நீங்களும் அப்படியே பண்ணுங்க. மூடியை திறக்கிறதுக்கு முன்னாடி சிலந்தி எங்க இருக்குன்னு வெளியில இருந்தே பார்த்துக்கோங்க, சில நேரம் மூடியோட உள்பக்கத்துலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும், தெரியாம திறந்து மூடினா கால் நசுங்கிடும்.

பிரஷ்ஷுக்கு மார்க் குடுத்தது இதுக்குத்தான். தாள்ல அது பாக்ஸ் சுத்தம் பண்றதுக்குன்னு இருக்கு. எனக்கு அது போக்குவரத்து போலீஸ். மெத்துனு இருக்கிறதால பட்டாலும் ஒன்னும் ஆகாது, எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கத்துல தொட்டா போதும்.

அடுத்து அந்த தாள்ல இருக்கிற அட்டவணை, இதைப் பத்திதான் நான் ரொம்ப எழுதணும். "குட்டிக்கு தினமும் ரெண்டு வேளை, சாப்பிடுற வரைக்கும்." "உயிரோட இருக்கிற இரையை மட்டும் குடுக்கவும், சாப்பிடும் வரை உள்ளேயே விடவும்." "பெரிய இரை வேகமான வளர்ச்சி." இந்த மூணு வரியும் சேர்ந்தா ஒரு ஸ்லிங்கை கொல்றதுக்கு போதும்.

இரை எவ்வளவு பெருசுன்னா, சிலந்தியோட வயிறு இருக்குல்ல, அதாவது பின்னாடி இருக்கிற உருண்டை, அதை விட பெருசா இருக்கக் கூடாது. உயிரோட குடுக்கிறதா இருந்தா அதை விட இன்னும் ஒரு சுத்து சின்னதா இருந்தா நல்லது. பொடிசோட சைஸுக்கு பழ ஈ சரியா இருந்துச்சு, டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் 2லேர்ந்து 3 மி.மீ இருக்கும், ஹைடெய்னு இன்னொரு ஜாதி அதை விட கொஞ்சம் பெருசு. ஒரு வேளைக்கு ரெண்டு மூணு ஈ. கிரிக்கெட் பூச்சியில முட்டையிலேர்ந்து அப்பத்தான் வெளிய வந்தது, பின்ஹெட்னு சொல்லுவாங்க, அதுவும் ஓகே. தாளை நம்பி நான் முதல் வாரத்துல அதோட உடம்பு அளவுக்கே இருந்த ஒரு கிரிக்கெட்டை உயிரோட விட்டுட்டு தூங்கப் போனேன். காலையில பார்த்தா கிரிக்கெட் நடு பாக்ஸ்ல ஜாலியா மீசையை ஆட்டிக்கிட்டு இருக்கு, இவரு மேல ஒரு மூலையில காலை எல்லாம் சுருக்கிக்கிட்டு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்காரு. யாருக்கு யாரு சாப்பாடுன்னே தெரியல.

சிரிக்கிற விஷயம் இல்ல. பசிச்ச கிரிக்கெட் எதையும் கடிக்கும், சட்டை உரிச்சுக்கிட்டு மல்லாக்க படுத்திருக்கிற சிலந்தி அந்த நேரத்துல நகரக் கூட முடியாது, உடம்பே பஞ்சு மாதிரி இருக்கும், ஒரு சின்ன கிரிக்கெட் அதை தின்னே போட்டுடும். மீல்வார்ம் வேற கதை, அது மண்ணுக்குள்ள புதைஞ்சு மறைஞ்சிடும், நாம சாப்பிட்டுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்போம், ஒரு நாள் வண்டா மாறி வெளிய வரும். டூபியா கரப்பானும் மண்ணுக்குள்ள பூந்து அசையாம கிடக்கும். இந்த ரெண்டுக்கும் தலையை நசுக்கிட்டு வைக்கிறதுதான் வழக்கம். கேட்க ஒரு மாதிரி இருக்கும், பழகிடும்.

உண்மையில ஸ்லிங்குக்கு உயிரோட இரை குடுத்தே ஆகணும்னு ஒன்னும் இல்ல. செத்தது கிடைச்சாலும் அது பாட்டுக்கு சாப்பிடும். கிரிக்கெட்டோட தொடை ஒன்னு, இல்லன்னா மீல்வார்மை வெட்டின ஒரு துண்டு, ஈரம் கசியுற பக்கம் மேல தெரியுற மாதிரி அது இருக்கிற பொந்து வாசல்ல வச்சுட்டு மூடியை மூடிட்டு போயிடணும், நின்னு வேடிக்கை பார்த்தா அது வராது. ராத்திரி வச்சா காலையில துண்டைக் காணோம், பொந்துக்குள்ள இழுத்துட்டு போயிருக்கும். காலையிலயும் அங்கேயே இருந்தா எடுத்துடுங்க, 24 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. சாப்பிட்டு போட்ட சக்கை உருண்டையும் அப்படித்தான், விட்டா பூஞ்சை வரும், மைட்ஸ்னு சொல்ற பொடி உண்ணி வரும், ஸ்லிங் பாக்ஸ் எப்பவும் கொஞ்சம் ஈரமா இருக்கிறதால சீக்கிரமே வரும். நாலு மாசத்துல உள்ள வச்சதை விட வெளிய எடுத்ததுக்குத்தான் நான் ட்வீசரை அதிகமா தொட்டிருக்கேன், அதுவும் கிட்ல வந்த ட்வீசர் இல்ல, நுனி மழுங்கின பிளாஸ்டிக் ட்வீசர் தனியா வாங்கினது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னா, இந்த சைஸுக்கு நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை போதும், வாரத்துக்கு ஒரு தடவை குடுத்தாலும் வளரும், கொஞ்சம் மெதுவா. நாளை எண்றதை விட வயித்தை பார்க்கிறது சுலபம். முன்பக்கம் காலெல்லாம் சேர்ற ஓடு இருக்குல்ல, வயிறு அதை விட ஒரு சுத்து பெருசா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம், ஒன்றரை மடங்குக்கு மேல போச்சுன்னா நிறுத்திடுங்க, சின்னதா சுருங்கி வத்திப்போய் இருந்தா சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணியை கவனிங்க. தினமும் ரெண்டு வேளை அது வாங்கிக்கத்தான் செய்யும், ஏன்னா அடுத்தது எப்போ கிடைக்கும்னு அதுக்கு தெரியாது. ஆனா வயிறு தரையில தேயுற அளவுக்கு கொழுத்துட்டா ஒரு சின்ன கல்லு கீறினா கூட போச்சு.

தண்ணி விஷயத்துல ஜெல் உருண்டை சுத்த வேஸ்ட். ரெண்டு நாள்ல அழுக்கு ஒட்டி வாடை வர ஆரம்பிச்சுது. ஸ்பான்ஜ் வைக்கிறவங்களும் இருக்காங்க, அதுவும் கிருமி வளர்க்கிற வேலைதான். பாட்டில் மூடியில சாதா தண்ணி வச்சா அது வந்து குடிக்கும், ரொம்ப பொடியா இருக்கிறப்போ மூடி கூட வேண்டாம், டிராப்பரால மண்ணோட ஒரு மூலையை நனைச்சு, பாக்ஸ் சுவத்துல ரெண்டு சொட்டு விட்டா போதும். மறுபாதி காஞ்சே இருக்கணும், அதுக்கு எங்க தோணுதோ அங்க போய் உட்கார்ந்துக்கும். தாள் சொல்ற மாதிரி தினமும் பாக்ஸ் முழுக்க ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா காத்து இல்லாம ஈரம் தேங்கி நாறிடும், சிலந்தி மேலயே அடிச்சா அது மிரண்டு ஓடும். டிராப்பர் அருமை, சொட்டு கணக்கா விழுது, இதுல குறையே இல்ல. நான் தினமும் காலையில டிராப்பரோட உட்கார்றதை பார்த்துட்டு அம்மா கேட்டாங்க, "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்திருக்கியாடா நீ? அதுக்கு மட்டும் சொட்டு சொட்டா ஊத்துற." பதில் சொல்ல முடியல, எழுந்து போய் எடுத்துக் குடுத்தேன்.

பாக்ஸ் பத்தி ரெண்டு வரி. காத்து ஓட்டை ரொம்ப பெருசு, பழ ஈ பாதி அது வழியா நடந்தே வெளிய வந்துடுச்சு, பொடிசோட முன்பக்க ஓடு நுழையுற அளவுக்கு இருந்தா அதுவே வந்துடும். ஓடு நுழைஞ்சா உடம்பு நுழையும், வயிறு சுருங்கிக் குடுக்கும். நான் இந்த பாக்ஸை ஒதுக்கிட்டு ஒரு சின்ன டப்பாவுல சூடு பண்ண ஊசியால பொடி ஓட்டை போட்டு, பாதிக்கு மேல கோகோபீட் ரொப்பி வச்சிருக்கேன், உயரம் கம்மியா இருக்கிறதால ஏறி விழுந்தாலும் பயமில்ல.

பழ ஈ டப்பா வந்தப்போ மேல இருந்த ஈ எல்லாம் செத்துக் கிடந்துச்சு, கம்ப்ளைன்ட் போடலாம்னு இருந்தேன், பார்த்தா சுவத்துல கூட்டுப்புழு நிறைய ஒட்டியிருந்துச்சு, ஒரு வாரத்துல டப்பா கொசகொசன்னு ஆயிடுச்சு. ஒரு மாசம் கிட்ட வந்தது, தீர்றதுக்குள்ள கொஞ்சம் ஈயை புது டப்பாவுக்கு மாத்திட்டா தொடர்ந்து ஓடும். ஒரே எச்சரிக்கை, வெளியில சுத்துற சாதா பழ ஈ உள்ள பூந்துட்டா அடுத்த தலைமுறை பறக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் வீட்டுல உங்களுக்கு கெட்ட பேர்தான். டப்பாவை திறக்கிறதுக்கு முன்னாடி தரையில ரெண்டு தட்டு தட்டினா ஈ எல்லாம் கீழ விழும், அப்புறம் திறக்கணும், இல்லன்னா கை மேல ஏறி வந்துடும். இதுக்கு முழு மார்க் குடுத்திருக்கலாம், ஆனா பொடிசு வளர்ற வேகத்துக்கு சீக்கிரமே இது அதுக்கு பத்தாது.

ஈ தீர்ந்துபோன ஒரு வாரம் பக்கத்து வீட்டு பையன் ஆசையா ஒரு வெட்டுக்கிளி பிடிச்சுட்டு வந்து குடுத்தான். வாங்கிக்கிட்டு, அவன் போனதும் வெளிய விட்டுட்டேன். வெளியில பிடிக்கிற பூச்சி மேல எந்த மருந்து பட்டிருக்குன்னு தெரியாது, உள்ள என்ன ஒட்டுண்ணி இருக்குன்னும் தெரியாது. பூச்சி மருந்து சிலந்தியையும் கொல்லும், அதனால கொசு ஸ்ப்ரே அடிச்ச ரூம்ல பாக்ஸை வைக்காதீங்க, நாய் பூனைக்கு உண்ணி மருந்து தடவின கையோட இதுக்கு சாப்பாடு வைக்காதீங்க.

இனி பூதக்கண்ணாடி. பிளாஸ்டிக்தான், பார்க்க திருவிழா பொம்மை மாதிரி இருக்கு, கிட்டை பிரிச்சப்போ இதை எதுக்கு போட்டாங்கன்னு சிரிச்சேன்.

ரெண்டாவது மாசம் நடுவுல பொடிசு திடீர்னு சாப்பாட்டை நிறுத்திடுச்சு. ஈ மேல ஏறினாலும் உதறிட்டு நகர்ந்துடும். அப்புறம் ஒரு நாள் பொந்து வாசலை மண்ணு போட்டு அடைச்சே வச்சிடுச்சு. நான் பதறிப்போய் கிட் வித்தவங்களுக்கு மெசேஜ் போட்டேன், ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "பொந்தை தோண்டி வெளியே எடுத்து உணவைக் காட்டவும்." தோண்டலாமான்னு பிரஷ் எடுத்துட்டும் போயிட்டேன். ஏதோ சந்தேகம் வந்து, டப்பா ஓரமா பொந்து தெரியுற பக்கத்துல பூதக்கண்ணாடியை வச்சு பார்த்தேன். வயிறு பளபளன்னு, முன்னாடி இருந்ததை விட கருத்து, உருண்டையா இருந்துச்சு. அது பட்டினி கிடக்கிற வயிறு இல்ல, சட்டை உரிக்க தயாராகுற வயிறு. அந்த நேரத்துல தோண்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே கை நடுங்குது.

ஆக, நல்லா கொழுகொழுன்னு இருக்கிற ஸ்லிங் சாப்பிடலன்னா விட்டுடுங்க. தண்ணி மட்டும் பார்த்துக்கோங்க, வாரக்கணக்கா சாப்பிடாம இருந்தாலும் அதுக்கு ஒன்னும் ஆகாது, பெருசானதுங்க மாசக்கணக்குல கூட இருக்கும். இரையை உள்ள போட்டு வைக்காதீங்க. மல்லாக்க படுத்திருந்தா செத்துப்போச்சுன்னு நினைச்சு புரட்டிப் போடாதீங்க, அப்படி படுத்துதான் சட்டையை கழட்டும். சாகப்போற சிலந்தி பெரும்பாலும் நின்ன நிலையிலேயே காலெல்லாம் உடம்புக்கு அடியில சுருட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு தடவை பார்த்தா மறக்காது.

சாப்பிடாம இருந்து 19வது நாள் பழைய சட்டை வாசல் கிட்ட கிடந்துச்சு. அதை எடுத்து லென்ஸ்ல பார்த்தேன், கால் எட்டும் கையுறை மாதிரி முழுசா, பல்லு கூட சட்டையோடவே கழண்டு வந்திருக்கு. பல்லு மட்டும் இல்ல, வாயில இருந்து உறிஞ்சுற வயிறு வரைக்கும் உள்பக்க தோலும் சேர்ந்தேதான் கழலுமாம். அப்போ உள்ள எல்லாம் புதுசு, இன்னும் இறுகல. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, பாவம் இத்தனை நாள் பட்டினின்னு உடனே இரையை போடுவாங்க. புது பல்லு முதல்ல வெள்ளையா இருக்கும், அப்புறம் செம்பழுப்பு, அப்புறம்தான் கருப்பு. கருப்பாகுற வரைக்கும் ஒரு ஈ கூட கூடாது, வெள்ளை பல்லால எதையாவது குத்தினா வளைஞ்சுடும். வளர்ந்த டாரன்டுலாவுல பல் நிறம் வெறும் கண்ணுக்கே தெரியும், 1 செ.மீ ஸ்லிங்ல பல்லு எங்க இருக்குன்னே தெரியாது, அங்கதான் இந்த பொம்மை கண்ணாடி தங்கமா மாறுது. அது சுவத்துல ஏறி அடிப்பக்கத்தை காட்டுற நேரத்துக்கு காத்திருந்து, டார்ச் பக்கவாட்டுல பிடிச்சு, மூச்சை பிடிச்சுக்கிட்டு பார்ப்பேன். மூணாவது நாள் லேசா சிவப்பு, ஆறாவது நாள் நுனி கருப்பு, எட்டாவது நாள் ஒரு கிரிக்கெட் தொடை வச்சேன், மூடியை மூடுறதுக்குள்ள எடுத்துக்கிச்சு.

தாள்ல இந்த சட்டை உரிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லங்கிறதுதான் எனக்கு இருக்கிற பெரிய கோபம். கண்ணாடியை போட்டுட்டு அது எதுக்குன்னு எழுதாம விட்டிருக்காங்க. இன்னொன்னு, அட்டைப்பெட்டி மேல "எல்லா டாரன்டுலாவுக்கும் ஏற்றது"ன்னு பெருசா இருக்கு. கர்லி ஹேர் சாதுவான ஜாதி, பெருசானா வயித்துல இருக்கிற முடியை உதைச்சு விடும், கண்ணுல பட்டா அரிச்சு எடுக்கும், அதனால பாக்ஸ்ல கை விட்டுட்டு கண்ணை தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா பொசிலோதீரியா மாதிரி மரத்துல இருக்கிற ஜாதிக்கு அந்த முடி கிடையாது, அதுக்கு பதிலா கடிதான், கடிச்சா நாள்கணக்குல தசை இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு வலி இருக்கும், வேகமும் நம்ம கையை விட ஜாஸ்தி. அதை வளர்க்கிற ஒருத்தர் இந்த தாளை நம்பி இரையை வாய் கிட்ட ஆட்டினாருன்னா அவர் பாடு திண்டாட்டம்தான்.

வாங்கலாமான்னு கேட்டா, கிட்டா வாங்காதீங்க. டிராப்பர், பிரஷ், நல்ல லென்ஸ், பழ ஈ டப்பா, நுனி மழுங்கின ட்வீசர், அஞ்சையும் தனித்தனியா வாங்குங்க, செலவும் கம்மி. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தாளை மட்டும் கிழிச்சு போட்டுட்டு மிச்சத்தை வச்சு சமாளிக்கலாம்.

பொடிசு இப்போ ரெண்டு சட்டை உரிச்சு 2 செ.மீ பக்கம் வந்துடுச்சு, இதை டைப் பண்றப்போ பல்லு இன்னும் சிவப்புலதான் இருக்கு, சாப்பாடு வெள்ளிக்கிழமைக்கு மேலதான். அந்த ஸ்டீல் ட்வீசரும் வீணாகல, கீபோர்டு இடுக்குல விழுற தூசியை எடுக்க அருமையா இருக்கு, அந்த வேலைக்குன்னா 5க்கு 5.